ராபின் வில்லியம்ஸ் ஸ்டாண்ட்-அப் மேடையிலிருந்து ஆஸ்கர் வரை எப்படி வந்தார்?

எனக்கு வந்த கேள்வியில் மூன்று விஷயங்கள் இருந்தன. மேடையில் மூச்சுவிடாமல் பேசிச் சிரிக்கவைத்த அமெரிக்க நடிகர் ராபின் வில்லியம்ஸ் எப்படி அமைதியான பாத்திரங்களில் பேர் வாங்கினார்? அவர் வாழ்க்கை எப்படிப்பட்டது? கடைசியில் மன அழுத்தம்தான் அவரைக் கொண்டுபோனதா? மூன்றாவது கேள்விக்கான பதில் பெரும்பாலானவர்கள் நினைப்பது அல்ல. அதைப் பின்னால் சொல்கிறேன்.

நம்மில் பலருக்கு அவர் 'ஜுமாஞ்சி'யின் தாடிக்காரர், அல்லது பாட்டி வேஷம் போட்டுத் தன் பிள்ளைகளைப் பார்க்க வரும் 'மிஸஸ் டவுட்ஃபயர்'. கமல்ஹாசனின் 'ஔவை சண்முகி'க்குப் பின்னால் இருக்கும் படம் என்று அதைத் தேடிப்பிடித்துப் பார்த்தவர்களும் உண்டு. இந்தப் படங்களை வைத்து அவரைப் பற்றி ஒரு கதை உருவாகிவிட்டது: காமெடியனாக இருந்தவர், பிறகு நடிப்பைக் கற்றுக்கொண்டு பெரிய நடிகரானார் என்று. நடந்தது ஏறக்குறைய இதற்கு நேர்மாறு. அவர் முதலில் நடிப்புப் பயின்றவர். ஸ்டாண்ட்-அப், அதாவது மேடையில் தனியாக நின்று பேசிச் சிரிக்கவைக்கும் கலை, அதற்குப் பிறகு வந்தது. சினிமாவில் அவருக்குத் தேவைப்பட்டது நடிப்புப் பயிற்சி அல்ல, எதிரே நிற்க ஒரு சரியான ஆள். அப்படி ஓர் ஆள் கிடைத்த படங்களெல்லாம் நிற்கின்றன. கிடைக்காத படங்களில் அவர் எவ்வளவு உழைத்தும் படம் தேறவில்லை. அவருடைய நாற்பது ஆண்டுக் கலைவாழ்வை இந்த ஒரு கோணத்தில் பார்த்தால் நிறைய விஷயங்கள் விளங்கும்.

1951 ஜூலை 21 அன்று சிகாகோவில் பிறந்தார். அப்பா ஃபோர்டு மோட்டார் கம்பெனியில் பெரிய அதிகாரி. அம்மா மிசிசிப்பி மாநிலத்துக்காரர், ஒரு காலத்தில் மாடலிங் செய்தவர். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் முந்தைய திருமணங்களில் ஆளுக்கொரு மகன் உண்டு என்றாலும், அந்த அண்ணன்மார் இருவரும் பெரும்பாலும் அவருடன் வளரவில்லை. டெட்ராய்ட்டுக்கு அருகே ப்ளூம்ஃபீல்ட் ஹில்ஸில், மிகப்பெரிய ஒரு வீட்டில், பொம்மைப் படைவீரர்களை அடுக்கிவைத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல் கொடுத்துத் தனியாக விளையாடிய பிள்ளை அவர். அம்மாவைச் சிரிக்கவைப்பதுதான் தன் முதல் முயற்சி என்று பின்னாளில் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அப்பா கண்டிப்பானவர், வேலை நிமித்தம் அடிக்கடி ஊர் மாறியவர். ராபினுக்குப் பதினாறு வயதானபோது குடும்பம் கலிஃபோர்னியாவின் டிபுரானுக்குக் குடிபெயர்ந்தது. சான்ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவின் கரையில் இருக்கும் ஊர். அறுபதுகளின் கடைசி அது. கோட்டும் டையுமாகப் பள்ளிக்குப் போன பையன், தலைமுடி வளர்த்த மாணவர்கள் நடுவே வந்து விழுந்தான்.

கல்லூரியில் அரசியல் விஞ்ஞானம் எடுத்தார், நிலைக்கவில்லை. வீட்டுக்கு அருகே இருந்த காலேஜ் ஆஃப் மரினில் நாடகம் பயின்றார். அங்கிருந்து 1973இல் நியூயார்க்கின் ஜூலியார்ட் பள்ளிக்கு உதவித்தொகையுடன் இடம் கிடைத்தது. அமெரிக்காவில் நடிப்புப் பயில்பவர்களுக்கு அதற்கு மேல் ஒரு வாசல் இல்லை. ஜான் ஹவுஸ்மன் தலைமையில் இயங்கிய நாடகப் பிரிவு அது. அந்த ஆண்டு உயர்நிலை வகுப்பில் சேர்க்கப்பட்டவர்கள் இருவர்தான். ஒருவர் வில்லியம்ஸ், மற்றவர் பின்னாளில் சூப்பர்மேனாக வந்த கிறிஸ்டோபர் ரீவ். இருவரும் அறை நண்பர்கள், ஆயுள்கால நண்பர்கள். வட்டார உச்சரிப்புகளைக் கற்றுத்தரும் வகுப்பில் வில்லியம்ஸுக்குச் சொல்லித்தர ஆசிரியரிடம் ஒன்றும் மிச்சமிருக்கவில்லை என்று ரீவ் எழுதியிருக்கிறார். ஸ்காட்லாந்து, ரஷ்யா, இத்தாலி என்று எந்த ஊர் ஆங்கிலமானாலும் கேட்ட மாத்திரத்தில் பேசுவார். செலவுக்கு முகத்தில் வெள்ளை பூசிக்கொண்டு தெருவில் மைம் (பேசாமல் உடலசைவால் மட்டும் நடிப்பது) செய்வார். ஷேக்ஸ்பியர் வசனம், முகமூடி நடிப்பு, உடலை வைத்து வெளிப்படுத்துவது என்று எல்லாம் அங்கே கிடைத்தன. 1976இல், பட்டம் வாங்காமலே, கலிஃபோர்னியாவுக்குத் திரும்பினார்.

நடிகர் வேலை கிடைக்கவில்லை. சான்ஃபிரான்சிஸ்கோவில் 'ஹோலி சிட்டி ஜூ' என்று ஒரு சின்ன கிளப். அங்கே பாரில் வேலை பார்த்துக்கொண்டே மேடை ஏறினார். அந்த நகரில் அப்போது ஸ்டாண்ட்-அப் துளிர்விட்டுக்கொண்டிருந்த நேரம். பிறகு லாஸ் ஏஞ்சலஸ் போய் 'காமெடி ஸ்டோர்' மேடையில் பேர் எடுத்தார். 1977இல் காமெடியன் ரிச்சர்ட் பிரையரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் சின்னச் சின்ன வேஷங்கள்.

அவருடைய ஸ்டாண்ட்-அப் எப்படி இருக்கும் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் சினிமாவில் அவருக்கு வந்த சிக்கல் புரியாது. பொதுவாக ஒரு காமெடியன் ஒரு சூழலை விவரித்து, எதிர்பார்ப்பை வளர்த்து, கடைசி வரியில் உடைப்பார். வில்லியம்ஸ் அப்படிச் செய்வதில்லை. ஒரு வாக்கியத்தை ரஷ்யக்காரராக ஆரம்பித்து, நடுவில் ஒரு தேவாலயப் போதகராக மாறி, முடிக்கும்போது ஒரு குழந்தையாக இருப்பார். முன்வரிசையில் யாரோ இருமினால் அந்த இருமல் அடுத்த பாத்திரமாகிவிடும். அந்த நேரத்தில் தோன்றுவதைப் பேசுகிறார் என்று தோன்றும். அதில் பாதி ஏற்கெனவே பல இரவுகளில் பேசிப் பழகியது, தேவையான இடத்தில் எடுத்துச் சொருகுவார். எது பழையது, எது அந்த நொடியில் பிறந்தது என்று பார்ப்பவருக்குத் தெரியாத வேகம்தான் அவருடைய கலை. அவர் குருவாக நினைத்தது ஜொனாதன் விண்டர்ஸை. ஒரு குச்சியைக் கையில் கொடுத்தால் அதை வைத்தே பத்து மனிதர்களை உருவாக்கிக் காட்டியவர் விண்டர்ஸ்.

இந்த வேகத்துக்கு ஒரு விலை இருந்தது. மற்றவர்கள் மேடையில் சொன்ன ஜோக்குகள் வில்லியம்ஸின் வாயில் வருகின்றன என்று சக காமெடியன்கள் புகார் சொன்னார்கள். காதில் விழுந்ததெல்லாம் தன்னையறியாமல் வெளியே வந்துவிடுவதாக அவர் ஒப்புக்கொண்டார். உரியவர்களுக்குப் பணம் கொடுத்தார், பிறகு அடுத்தவர் நிகழ்ச்சிகளைப் போய்ப் பார்ப்பதையே தவிர்த்தார். அவர்மேல் எனக்கு இருக்கும் பெரும் மதிப்போடுதான் சொல்கிறேன், அந்தப் புகாரில் நியாயம் இருந்தது. ஒரு ஜோக்கைச் செதுக்க ஆறு மாதம் எடுத்துக்கொண்ட இளைஞனுக்கு, அதை நாடறிந்த ஒருவர் தொலைக்காட்சியில் சொல்லிவிட்ட பிறகு பணம் மட்டும் ஈடாகாது.

1978இல் திருப்பம் வந்தது. 'ஹேப்பி டேஸ்' என்ற தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரில் ஒரு வேற்றுக்கிரகவாசியைக் கொண்டுவரத் தயாரிப்பாளர் கேரி மார்ஷல் ஆள் தேடினார். தேர்வுக்கு வந்த வில்லியம்ஸை உட்காரச் சொன்னதும் அவர் நாற்காலியில் தலைகீழாக நின்றார். வந்தவர்களில் இவர் ஒருவர்தான் வேற்றுக்கிரகவாசி என்று மார்ஷல் சொன்னது பிரபலம். அந்த ஒரு எபிசோடுக்குக் கிடைத்த வரவேற்பால் அதே ஆண்டு செப்டம்பரில் 'மார்க் அண்ட் மிண்டி' என்ற தனித்தொடர் ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கியது. முதல் சீசனிலேயே நாட்டின் முன்னணித் தொடர்களில் ஒன்றானது. வழக்கமான மூன்று கேமராக்களால் அவர் ஓட்டத்தைப் பிடிக்க முடியாமல் நான்காவதாக ஒன்று அவருக்கென்றே வைக்கப்பட்டது. 1979 மார்ச்சில் 'டைம்' இதழின் அட்டையில் அவர் முகம். அதே ஆண்டு வந்த அவருடைய முதல் காமெடி ஆல்பத்துக்கு கிராமி விருது. இருபத்தேழு வயது அவருக்கு.

அந்தப் புகழோடு கோகைனும் குடியும் வந்தன. 1982 மார்ச் 5 அன்று நண்பரும் நகைச்சுவை நடிகருமான ஜான் பெலூஷி லாஸ் ஏஞ்சலஸ் ஹோட்டல் ஒன்றில் போதைமருந்து அதிகமாகி இறந்தார். அன்றிரவு வில்லியம்ஸ் அங்கே சிறிது நேரம் போய் வந்திருந்தார். அடுத்த ஆண்டு மூத்த மகன் ஸாக் பிறக்கவிருந்தான். இந்த இரண்டும் சேர்ந்துதான் அவரை நிறுத்தவைத்தன. கோகைனையும் குடியையும் விட்டார். குடி இருபது ஆண்டுகள் திரும்பி வரவில்லை.

இனி சினிமா. முதல் பெரிய படம் ராபர்ட் ஆல்ட்மன் இயக்கிய 'பாப்பாய்' (1980). மால்டா தீவில் ஒரு முழு கிராமத்தையே செட்டாகப் போட்டு எடுத்தார்கள். அந்த செட் இன்றும் சுற்றுலாத்தலமாக இருக்கிறது. படம் பணத்தை இழக்கவில்லை, ஆனாலும் தோல்விப் படம் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1982இல் 'தி வேர்ல்டு அக்கார்டிங் டு கார்ப்', 1984இல் 'மாஸ்கோ ஆன் தி ஹட்சன்'. இரண்டாவது படத்துக்காக ரஷ்ய மொழியும் சாக்ஸஃபோனும் கற்றார். நியூயார்க்கின் ஒரு பெரிய கடையில் கூட்டத்தின் நடுவே தஞ்சம் கேட்கும் ரஷ்ய சர்க்கஸ் இசைக்கலைஞனாக அவர் காட்டும் அடக்கம் அபாரம். நடிக்கத் தெரியும் என்பதற்கு அதுவே போதும். ஆனால் கூட்டம் அவரிடம் எதிர்பார்த்தது அதை அல்ல.

ஸ்டாண்ட்-அப் கலைஞருக்கு எதிரே இருப்பது சக நடிகர் அல்ல, ரசிகர் கூட்டம். கூட்டத்தின் சிரிப்புதான் அவருக்குப் பதில் வசனம். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே வேகமெடுக்க வேண்டும், எந்த ஜோக்கைக் கைவிட வேண்டும் என்பதை அந்தச் சிரிப்புதான் சொல்லித்தருகிறது. ஷூட்டிங்கில் அது கிடையாது. எவ்வளவு நன்றாகச் செய்தாலும் யூனிட் வாயை மூடிக்கொண்டுதான் நிற்க வேண்டும், சத்தம் பதிவாகிவிடும். இந்த மௌனத்தில் மேடைக்காரர்கள் செய்யும் வழக்கமான பிழை, வராத சிரிப்பை வரவழைக்கச் சத்தத்தைக் கூட்டுவது. திரையில் அது மிகையாகத் தெரியும். உலகெங்கும் நல்ல மேடைக் காமெடியன்கள் பலர் சினிமாவில் இரண்டு மூன்று படங்களோடு நின்றுபோக இதுவும் ஒரு காரணம். வில்லியம்ஸின் எண்பதுகளின் நடுப்பகுதிப் படங்கள் சிலவற்றிலும் இந்தத் திணறல் தெரிகிறது. அந்தப் படங்களின் பெயர்கள் இன்று யாருக்கும் நினைவில்லை. அதே நேரத்தில், 1986இல், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆபரா அரங்கில் அவர் தனியாக நின்று செய்த நிகழ்ச்சி ஸ்டாண்ட்-அப் வரலாற்றில் ஒரு சிகரம். மேடையில் உச்சத்திலும் திரையில் தடுமாற்றத்திலும் ஒரே நேரத்தில் இருந்தார்.

இதைத் தீர்த்துவைத்தவர் இயக்குநர் பேரி லெவின்சன். 1987இல் வந்த 'குட் மார்னிங், வியட்நாம்' படத்தில் 1965இன் சைகோனில் ராணுவ வானொலி அறிவிப்பாளராக வில்லியம்ஸ் நடித்தார். தாய்லாந்தில் எடுக்கப்பட்ட படம். ஒலிபரப்புக் காட்சிகளில் லெவின்சன் கேமராவை ஓடவிட்டார், வில்லியம்ஸ் மைக்கின் முன் மனம்போனபடி பேசினார். அட்ரியன் குரோனர் என்ற உண்மையான அறிவிப்பாளரை அடிப்படையாகக் கொண்ட பாத்திரம்தான், ஆனாலும் தான் நிஜத்தில் அப்படிப் பேசியிருந்தால் ராணுவ விசாரணையே வந்திருக்கும் என்று குரோனர் சொல்லியிருக்கிறார். இந்தப் படத்தில் எல்லோரும் மைக் காட்சிகளைப் பாராட்டுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு காட்சி. சாலையில் போர்முனைக்குப் போகும் லாரிகள் நெரிசலில் நிற்கின்றன. லாரியில் இருக்கும் இளம் சிப்பாய்கள் அவரை அடையாளம் கண்டுகொள்கிறார்கள். அவர்களோடு பேசிச் சிரிக்கவைக்கிறார். லாரிகள் நகர்ந்ததும் அவர் முகம் மெல்ல மாறுகிறது. இத்தனை நாள் மைக்குக்கு அப்பால் முகம் தெரியாமல் இருந்த ரசிகர்கள் இவர்கள், இவர்களில் சிலர் திரும்பப்போவதில்லை. ஸ்டாண்ட்-அப் கலைஞனுக்கும் கூட்டத்துக்கும் உள்ள உறவையே படம் கதையாக மாற்றிவிட்டது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 12 கோடி டாலர் வசூல், முதல் ஆஸ்கர் பரிந்துரை.

அதன்பின் ஐந்தாண்டுகள் அவருக்குக் கிடைத்தது போன்ற ஒரு வரிசை எந்த மேடைக் காமெடியனுக்கும் கிடைத்ததாக எனக்குத் தெரியவில்லை. பீட்டர் வியரின் 'டெட் பொயட்ஸ் சொசைட்டி' (1989) படத்தில் ஆசிரியர் கீட்டிங் நாம் நினைவில் வைத்திருப்பதைவிடக் குறைந்த நேரமே வருகிறார். படத்தின் மையம் மாணவர்கள். ஷேக்ஸ்பியரை மார்லன் பிராண்டோ குரலில் பேசிக்காட்டும் ஓரிடத்தில் மட்டும் மேடைக்கார வில்லியம்ஸ் எட்டிப்பார்க்கிறார். மற்ற நேரமெல்லாம் அந்தப் பையன்களின் முகங்களைப் பார்ப்பதுதான் அவர் நடிப்பு. கூச்ச சுபாவமுள்ள மாணவனை (ஈதன் ஹாக்) வகுப்பின் முன் நிறுத்தி, கண்ணைப் பொத்தி, அவனுக்குள் இருந்து கவிதையை வரவழைக்கும் காட்சியை மறுபடி பாருங்கள். காட்சி முழுக்க அந்த மாணவனுடையது. வில்லியம்ஸ் அவனைச் சுற்றி வந்து, கேள்வி கேட்டு, அவன் பேச ஆரம்பித்ததும் மெல்லத் தாழ்ந்து தரையில் அமர்ந்துவிடுகிறார்.

'அவேக்கனிங்ஸ்' (1990) இன்னும் ஒரு படி மேலே. நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸின் அனுபவங்களை ஒட்டிய படம். பல ஆண்டுகள் அசைவற்றுக் கிடந்த நோயாளிகள் ஒரு மருந்தால் சில காலம் விழித்தெழுகிறார்கள். நோயாளியாக ராபர்ட் டி நீரோ, மருத்துவராக வில்லியம்ஸ். படத்துக்காக சாக்ஸோடு பழகினார். ஒருநாள் தான் உட்கார்ந்திருந்த அதே நிலையில், அதே தலைச்சாய்வில் வில்லியம்ஸ் உட்கார்ந்திருப்பதை சாக்ஸ் கவனித்தார். வில்லியம்ஸ் வேண்டுமென்று செய்யவில்லை, தானாகவே அது வந்திருந்தது. மேடையில் எல்லோர் குரலையும் உள்வாங்கிய அதே காந்தசக்தி இங்கே ஒரே ஒரு மனிதரின் கூச்சத்தை முழுசாக உள்வாங்கியது. படப்பிடிப்பில் ஒரு காட்சியில் வில்லியம்ஸின் முழங்கை பட்டு டி நீரோவின் மூக்கு உடைந்தது. டி நீரோவுக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது, வில்லியம்ஸுக்குக் கிடைக்கவில்லை. அந்தப் படத்தில் டி நீரோ அசைகிறார், வில்லியம்ஸ் பார்க்கிறார். பார்ப்பதற்கு விருது கொடுக்கும் வழக்கம் எங்கும் இல்லை. அவருடைய மிகச்சிறந்த நடிப்பு இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

1991இல் டெரி கில்லியமின் 'தி ஃபிஷர் கிங்' மூன்றாவது ஆஸ்கர் பரிந்துரையைத் தந்தது. 1992இல் டிஸ்னியின் 'அலாவுதீன்'. அதில் பூதத்துக்குக் குரல் கொடுக்க அவரைச் சம்மதிக்கவைத்த விதம் அழகானது: ஓவியர் எரிக் கோல்ட்பர்க், வில்லியம்ஸின் ஸ்டாண்ட்-அப் ஆல்பத்திலிருந்து சில பகுதிகளை எடுத்து, அதற்கேற்ப பூதத்தின் அசைவுகளை வரைந்து காட்டினார். ஒரு வாக்கியத்துக்குள் நான்கு ஆளாக மாறும் அவரது வேகத்துக்கு மனித உடல் போதாது, கோடுகளால்தான் ஈடுகொடுக்க முடியும் என்று அவருக்கும் புரிந்தது. பல மணி நேரம் ஒலிப்பதிவு செய்தார்கள், அதிலிருந்து தேர்ந்தெடுத்து வரைந்தார்கள். நடிகர் சங்கம் நிர்ணயித்த குறைந்தபட்சத் தொகையான 75,000 டாலருக்கு அவர் நடித்துக் கொடுத்தார். பதிலுக்கு அவர் கேட்டது, பொம்மைகளையும் பண்டங்களையும் விற்க என் குரலைப் பயன்படுத்தாதீர்கள் என்பதைத்தான். அந்த உடன்பாடு மீறப்பட்டது என்று அவர் கோபப்பட்டார், டிஸ்னியுடன் உறவு முறிந்தது. நிர்வாகம் மாறி மன்னிப்புக் கேட்ட பிறகுதான் 1996இல் மூன்றாம் பாகத்துக்குத் திரும்பி வந்தார். குரல் நடிப்புக்குப் பெரிய நட்சத்திரங்களைத் தேடிப்போகும் வழக்கம் அந்தப் படத்துக்குப் பிறகுதான் அமெரிக்க அனிமேஷனில் வேகம்பிடித்தது.

'மிஸஸ் டவுட்ஃபயர்' (1993) அவருடைய பெரிய வசூல் படங்களில் ஒன்று. உலகெங்கும் 44 கோடி டாலருக்கு மேல். தினமும் மணிக்கணக்கில் மேக்கப். மேக்கப்புக்கு ஆஸ்கர் கிடைத்தது. இயக்குநர் கிறிஸ் கொலம்பஸ் ஒரே நேரத்தில் பல கேமராக்களை ஓடவிட்டார். வில்லியம்ஸ் ஒவ்வொரு டேக்கிலும் வேறு வசனம் பேசுவார், எதிரே இருப்பவர் திகைப்பதையும் அப்போதே பிடித்தாக வேண்டும்.

1996இல் மைக் நிக்கல்ஸின் 'தி பேர்ட்கேஜ்'. ஓரினச் சேர்க்கையாளர்களான கிளப் முதலாளியும் அவரது துணையும் கதையின் மையம். ஆர்ப்பாட்டமான வேஷம் நேதன் லேனுக்கு. அடக்கி வாசிக்க வேண்டிய வேஷத்தை வில்லியம்ஸ் எடுத்துக்கொண்டார். இதில் ஒரு சின்ன இடம் உண்டு. ஒரு நடனக்காரனுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது புகழ்பெற்ற நடன அமைப்பாளர்களின் பாணிகளை ஒவ்வொன்றாக, சில நொடிகளுக்குள், வெடித்துச் சிதறும்படி ஆடிக்காட்டுகிறார். அடுத்த மூச்சில், ஆனால் இதையெல்லாம் உள்ளேயே வைத்துக்கொள் என்கிறார். தொண்ணூறுகளில் அவர் நடித்த நல்ல பாத்திரங்கள் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வரி பொருந்தும்.

'குட் வில் ஹன்டிங்' (1997) பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது. மேட் டேமன், பென் அஃப்லெக் என்ற இரு இளைஞர்கள் எழுதிய கதை. மனைவியை இழந்த உளவியல் பேராசிரியர் ஷான் மக்வாயர் வேடம் வில்லியம்ஸுக்கு. பாஸ்டன் பப்ளிக் கார்டனில் ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்து அவர் பேசும் நீண்ட பேச்சு எல்லோருக்கும் தெரியும். அது வடிவத்தில் ஒரு ஸ்டாண்ட்-அப் தான்: ஒருவர் மட்டும் பேசுகிறார், மற்றவர் கேட்கிறார். குரல் உயரவில்லை. பார்வை நேராகக் கூட்டத்தை நோக்கிப் போவதற்குப் பதில், பேசிக்கொண்டே பக்கத்தில் இருக்கும் பையன் (டேமன்) என்ன ஆகிறான் என்று பார்த்துக்கொண்டிருக்கிறது. வருடக்கணக்கில் ஒரு கூட்டத்தின் மூச்சைக் கவனித்துக் கவனித்துப் பேசிப் பழகியவரால் மட்டுமே அந்தப் பேச்சில் அவ்வளவு சரியான இடங்களில் நிறுத்த முடியும். இறந்துபோன மனைவி தூக்கத்தில் விடும் வாயு பற்றிய கதை அவர் அங்கேயே இட்டுக்கட்டியது. டேமன் நிஜமாகவே சிரிக்கிறார், கேமராவும் லேசாகக் குலுங்குகிறது. 1998 மார்ச்சில் துணை நடிகருக்கான ஆஸ்கர் கிடைத்தது. நடிகனாகப் போகிறேன் என்றபோது, சரி, வெல்டிங் மாதிரி ஒரு கைத்தொழிலும் கற்று வைத்துக்கொள் என்று சொன்ன அப்பாவுக்கு மேடையில் நன்றி சொன்னார்.

அதற்குப் பிறகு வந்த சில படங்களில் எதிர்ப்பக்கம் காலியாக இருந்தது. 'பேட்ச் ஆடம்ஸ்' (1998) நல்ல வசூல், ஆனால் அதில் எல்லோரும் அவரைக் கண்டு உருகுவதற்கென்றே நிற்கிறார்கள். யாரும் அவரை மறுப்பதில்லை. மறுப்பு இல்லாத இடத்தில் அவருடைய கனிவு சர்க்கரைப் பாகாகிவிடுகிறது. இது அவருக்கே புரிந்திருக்க வேண்டும். 2002இல் ஒரேயடியாகத் திசைமாறினார். கிறிஸ்டோபர் நோலனின் 'இன்சோம்னியா'வில் அல் பசினோவுக்கு எதிரே கொலைகாரனாக வந்தார். 'ஒன் ஹவர் போட்டோ'வில் ஒரு குடும்பத்தின் புகைப்படங்களின் மேல் வெறிகொள்ளும் தனிமை மனிதனாக, முடியை வெளிறச் செய்துகொண்டு வந்தார். இரண்டிலும் அதே மென்மையான குரல்தான், அதே பிறர்மேல் அக்கறை காட்டும் முகம்தான், அதனாலேயே பயமாக இருக்கிறது. அதே ஆண்டு மறுபடி ஸ்டாண்ட்-அப் சுற்றுப்பயணம் போனார்.

மனிதராக அவரைப் பற்றிச் சொல்ல இரண்டு விஷயங்கள் போதும். 1986 முதல் பில்லி கிரிஸ்டல், ஹூப்பி கோல்ட்பர்க் இருவரோடும் சேர்ந்து வீடற்றவர்களுக்காக 'காமிக் ரிலீஃப்' நிகழ்ச்சிகளை நடத்தி 5 கோடி டாலர் அளவுக்கு நிதி திரட்டினார்கள். 1995இல் குதிரையிலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த ரீவ் மருத்துவமனையில் கிடந்தபோது, ரஷ்ய மருத்துவர் வேஷத்தில் உள்ளே நுழைந்து ஆசனவாயைப் பரிசோதிக்க வேண்டும் என்று அடம்பிடித்தவர் வில்லியம்ஸ். விபத்துக்குப் பிறகு ரீவ் சிரித்த முதல் சிரிப்பு அது. பிழைத்துவிடுவேன் என்று தனக்குத் தோன்றியது அப்போதுதான் என்று ரீவ் எழுதினார்.

2003 வாக்கில் குடி திரும்ப வந்தது, 2006இல் சிகிச்சைக்குப் போனார். 2009இல் இதய வால்வு அறுவை சிகிச்சை. இரண்டு விவாகரத்துகள், 2011இல் சூசன் ஷ்னைடருடன் மூன்றாவது திருமணம். 2013இல் தொலைக்காட்சித் தொடருக்குத் திரும்பினார், அது ஒரு சீசனோடு நின்றது.

இப்போது அந்த மூன்றாவது கேள்வி. 2014 ஆகஸ்ட் 11 அன்று, 63 வயதில், டிபுரானுக்கு அருகே தன் வீட்டில் தற்கொலை செய்துகொண்டார். சிரிக்கவைப்பவர்கள் உள்ளே அழுவார்கள் என்ற பழைய கதையை அன்றே எல்லோரும் அவர்மேல் ஒட்டிவிட்டார்கள். சில மாதங்கள் கழித்து வந்த பிரேதப் பரிசோதனை முடிவு வேறு ஒன்றைச் சொன்னது: மூளையில் பரவலாக லூயி பாடி நோய். ஆல்ஃபா-சைனுக்ளின் என்ற புரதம் மூளைச் செல்களில் தேங்கி, நினைவு, அசைவு, தூக்கம், மனநிலை, யதார்த்தத்தைப் பிரித்தறியும் திறன் எல்லாவற்றையும் தாக்கும் நோய் அது. உயிரோடு இருந்தபோது அவருக்குச் சொல்லப்பட்டது 2014 மே மாதத்தில் பார்கின்சன்ஸ் என்பது மட்டும்தான். சூசன் 2016இல் 'நியூராலஜி' மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையில் அந்தக் கடைசி மாதங்களை விவரித்திருக்கிறார். காரணம் தெரியாத பதற்றம், சந்தேகம், தூக்கமின்மை, கையில் நடுக்கம். 'நைட் அட் தி மியூசியம்' மூன்றாம் பாகத்தின் படப்பிடிப்பில் ஒரு வரி வசனம்கூட நினைவில் நிற்கவில்லை. மூன்றாண்டுகளுக்கு முன்புதான் நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடையில் ஒரு முழு நாடகத்தைத் தவறில்லாமல் நடித்தவர் அவர். தன் மூளைக்குள் ஏதோ தவறாக நடக்கிறது என்பது அவருக்குத் தெரிந்தது, அதற்குப் பெயர் மட்டும் கடைசி வரை கிடைக்கவில்லை. மன அழுத்தம் இருந்தது உண்மை. ஆனால் அது அந்த நோயின் பல முகங்களில் ஒன்று. அவர் மரணத்தைக் காமெடியன்களின் சோகம் என்று சுருக்கிச் சொல்வது மருத்துவ ரீதியாகவும் தவறு, அந்த மனிதருக்கு இழைக்கும் அநீதியும்கூட.

பொம்மைகள் விற்கத் தன் குரலைத் தராதவர், மரணத்துக்குப் பிந்தைய காலத்துக்கும் ஏற்பாடு செய்துவிட்டுப் போனார். இறந்து 25 ஆண்டுகளுக்குத் தன் உருவத்தை வணிக ரீதியாகப் பயன்படுத்தத் தடை விதித்திருந்தார், அதாவது 2039 வரை. இறந்தவர்களின் முகத்தையும் குரலையும் கணினியில் மறுபடி உருவாக்குவது பற்றி இன்று நடக்கும் விவாதங்களில் அந்த ஏற்பாடு அடிக்கடி மேற்கோளாக வருகிறது.

புதிதாகப் பார்க்க நினைப்பவர்களுக்கு என் யோசனை: முதலில் 1986இன் மெட்ரோபாலிட்டன் ஆபரா நிகழ்ச்சியில் ஒரு இருபது நிமிடம் பாருங்கள். ஆங்கிலம் முழுதாகப் பிடிபடாவிட்டாலும் பரவாயில்லை, உடலையும் குரலையும் கவனியுங்கள். உடனே அதன்பின் 'அவேக்கனிங்ஸ்' போடுங்கள். நடுவில் வேறு எதுவும் வேண்டாம். இரண்டுக்கும் இடையே நான்காண்டு இடைவெளிதான், இரண்டும் ஒரே ஆள் என்று நம்பச் சற்று நேரம் பிடிக்கும். 'குட் மார்னிங், வியட்நாம்' மூன்றாவதாக, 'குட் வில் ஹன்டிங்' நான்காவதாக. 'இன்சோம்னியா'வைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவர் முகத்தின் மேல் நம்பிக்கை வந்த பிறகு பார்த்தால்தான் அந்தப் படத்தில் அவர் செய்திருக்கும் வேலை முழுதாகத் தெரியும்.